தலைவராக வேண்டுமென்றால் கொஞ்சம் கெட்டவராக இருக்க வேண்டுமா?

வந்த கேள்வி இது: "எங்கள் மேலாளருக்குப் பொய் கூசாமல் வரும். அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் காட்டுவார். மீட்டிங்கில் ஆட்களை அழ வைப்பார். ஆனால் பதவி உயர்வு அவருக்குத்தான் அடுத்தடுத்து வருகிறது. தலைமைக்கு இப்படிப்பட்ட இருண்ட குணங்கள் தேவை என்று ஆராய்ச்சியே சொல்கிறது என்கிறார்களே, உண்மையா? நானும் மாற வேண்டுமா?"

பாதி உண்மை. நாற்காலியைப் பிடிக்க இந்தக் குணங்கள் உதவுகின்றன. நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு அவ்வளவாக உதவுவதில்லை, பல நேரம் அதைக் கெடுக்கவும் செய்கின்றன. மேலே போனவர் திறமை இருந்ததால்தான் போயிருப்பார் என்று நாமே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறோம். குழப்பம் அங்கே தொடங்குகிறது.

முதலில் எந்தக் குணங்களைச் சொல்கிறோம் என்று பார்த்துவிடலாம். 2002ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெல்ராய் பால்ஹஸும் கெவின் வில்லியம்ஸும் மூன்று குணங்களை ஒரே கட்டுரையில் சேர்த்து வைத்து 'டார்க் ட்ரையாட்', அதாவது இருண்ட மூன்று, என்று பெயரிட்டார்கள். முதலாவது நார்சிசம்: தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு, ஊரும் அதை ஒப்புக்கொண்டு கைதட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பசி. இரண்டாவது மாக்கியவெல்லியம்: மனிதர்களைக் காய்களாகப் பார்த்து, அவசரப்படாமல் நகர்த்தும் புத்தி. மூன்றாவது சைக்கோபதி: பிறர் வலி உறைக்காது, பயமும் குற்ற உணர்வும் குறைவு, தோன்றியதைத் தோன்றியவுடன் செய்துவிடும் வேகம். அடுத்தவர் மேல் இரக்கமின்மை மூன்றுக்கும் பொது. மற்றபடி மூன்றும் வேறு வேறு ஆட்கள். மாக்கியவெல்லி ரகம் பத்து வருடம் காத்திருக்கும், சைக்கோபதி ரகம் பத்து நிமிடம்கூடக் காத்திருக்காது.

பிற்பாடு நான்காவதாக, பிறர் துன்பத்தில் சுகம் காணும் குணத்தையும் சேர்த்தார்கள். அதை அளக்க 2013ல் பால்ஹஸ் குழுவினர் செய்த சோதனை கொஞ்சம் விபரீதமானது. காபிக் கொட்டை அரைக்கும் மிஷினில் உயிருள்ள பூச்சியைப் போட்டு அரைக்க யாருக்கு விருப்பம் என்று கேட்டார்கள். பூச்சிகளுக்கு மஃபின், டூட்ஸி என்று செல்லப் பெயர் வேறு! உள்ளே மறைவாகத் தடுப்பு வைத்திருந்ததால் ஒரு பூச்சியும் சாகவில்லை. ஆனால் அரைத்தவர்களுக்கு அது தெரியாது. நம் பேச்சுக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை, சரி, ஒரு தகவலுக்குச் சொன்னேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குணங்கள் எல்லோரிடமும் உண்டு, கூடுதல் குறைச்சல்தான். இணையத்தில் 12 கேள்விக்கு டிக் அடித்துவிட்டு "என் பாஸ் சைக்கோபாத்" என்று முடிவு கட்டுவது வேலைக்கு ஆகாது. சைக்கோபதியை மதிப்பிட உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் 20 அம்சங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30ஐத் தொட்டால்தான் அந்தப் பெயர். அதையும் பயிற்சி பெற்றவர், ஆளின் பழைய ஆவணங்களைப் பார்த்து, நேரில் பேசித்தான் போட வேண்டும். உங்கள் மேலாளர் முரடராக இருக்கலாம், கோழையாக இருக்கலாம், அவருக்கு மேலே இருப்பவர் போடும் சத்தத்தை உங்கள் மேல் இறக்கி வைப்பவராகவும் இருக்கலாம். நோயின் பெயர் உங்களுக்குத் தேவையில்லை, நடத்தையைப் பார்த்தால் போதும்.

இனி ஆல்பர்ட் டன்லப்புக்கு வருகிறேன். தலைமையும் இருட்டும் என்று பேச்சு வந்தால் வணிக உலகில் முதலில் வரும் பெயர் அவருடையது. 1990களின் அமெரிக்க வணிகப் பத்திரிகைகள் அவருக்குக் கொடுத்த பட்டம் 'செயின்சா ஆல்'. மரத்தை அறுப்பது போல ஆட்களை அறுத்துத் தள்ளுவார் என்று அர்த்தம். அவர் அதற்குக் கோபப்படவில்லை. உடம்பில் தோட்டா மாலையும் கையில் துப்பாக்கியுமாக ராம்போ வேஷத்தில் பத்திரிகைக்குப் போஸ் கொடுத்த மனிதர் அவர்.

1994ல் ஸ்காட் பேப்பர் என்ற பழைய கம்பெனிக்குத் தலைமை அதிகாரியாக வந்தார். 11,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார், அதாவது மொத்த ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த வருடமே கம்பெனியைப் போட்டியாளரான கிம்பர்லி கிளார்க்கிடம் விற்றார். சுமார் 10 கோடி டாலருடன் வெளியே வந்தார். பங்குதாரர்களுக்குக் கொள்ளை லாபம். அந்தக் கம்பெனி நீண்ட காலத்துக்கு நன்றாக ஓடியிருக்குமா என்ற கேள்விக்குப் பதில் தேடவே வழியில்லை, கம்பெனியே இல்லையே.

1996 ஜூலையில் சன்பீம் அவரை அழைத்தது. மிக்சி, எலக்ட்ரிக் போர்வை, தோட்டத்தில் வைத்து இறைச்சி சுடும் கேஸ் கிரில் எல்லாம் செய்யும் கம்பெனி. அவர் பெயரை அறிவித்த அன்று ஒரே நாளில் சன்பீம் பங்கின் விலை கிட்டத்தட்ட 50 சதவீதம் ஏறியது. ஒரு தொழிற்சாலையைக்கூட அவர் போய்ப் பார்க்கும் முன்பே, ஒரு ஆணிகூட அடிக்கும் முன்பே, பெயருக்கு மட்டும் கிடைத்த விலை அது. நவம்பரில் திட்டம் வந்தது: 12,000 ஊழியர்களில் பாதிப் பேர் போகிறார்கள், 26 தொழிற்சாலைகள் 8 ஆகின்றன.

ஆட்களைப் பாதியாக்கிவிட்டு விற்பனையை மட்டும் ஏற்றிக் காட்ட வேண்டுமென்றால் ஏதாவது வித்தை செய்தாக வேண்டும். செய்த வித்தை இதுதான். கேஸ் கிரில் கோடைக்கால விற்பனை. நவம்பர், டிசம்பர் குளிரில் எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார். அவரிடம் போய், "இப்போதே வாங்கியதாக ஆர்டர் போடுங்கள், விலையில் தள்ளுபடி தருகிறோம், பணம் ஆறு மாதம் கழித்துக் கொடுங்கள், சரக்கை நீங்கள் எடுத்துப் போகவும் வேண்டாம், வாடகைக் கிடங்கில் நாங்களே வைத்திருக்கிறோம்" என்றால் எந்தக் கடைக்காரர் வேண்டாம் என்பார்? கிரில் கிடங்கில் கிடக்கும், கணக்கில் மட்டும் விற்றாகிவிடும். இந்த வருடத்துக் கணக்கு அழகாகத் தெரியும். ஆனால் அடுத்த கோடையில் விற்க வேண்டிய சரக்கை இப்போதே விற்றதாக எழுதிவிட்டபடியால், அடுத்த வருடம் இதைவிடப் பெரிய வித்தை வேண்டும்.

1997க்கு சன்பீம் காட்டிய லாபம் 18.9 கோடி டாலர். அதில் குறைந்தது 6 கோடி மோசடிக் கணக்கு என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னால் குற்றம் சாட்டியது. 1998 தொடக்கத்தில் பங்கு 50 டாலரைத் தாண்டிப் போய், அப்புறம் சரிந்தது. ஜூன் மாதம் இயக்குநர் குழு டன்லப்பை வெளியே அனுப்பியது. 2001 பிப்ரவரியில் சன்பீம் திவால் மனு போட்டது. 2002ல் ஆணையத்தின் வழக்கை டன்லப் சமரசமாக முடித்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 5 லட்சம் டாலர் கட்டினார், இனி எந்தப் பங்குச் சந்தைக் கம்பெனியிலும் அதிகாரியாகவோ இயக்குநராகவோ இருக்க முடியாது என்ற தடையையும் ஏற்றுக்கொண்டார். பங்குதாரர்கள் போட்ட வழக்குக்குத் தனியாக ஒன்றரைக் கோடி டாலர். 2019ல் காலமானார்.

இந்தக் கதையில் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைக்கும் விஷயம் 2001ல் வெளியான ஒரு செய்தி. டன்லப் 1970களில் இரண்டு கம்பெனிகளிலிருந்து வேலை நீக்கம் செய்யப்பட்டவர் என்பதை நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. அதில் ஒன்று நைட்டெக் என்ற காகித ஆலை. கணக்கில் இல்லாத லாபத்தைக் காட்டினார் என்று அப்போதே அந்த ஆலை அவர் மேல் குற்றம் சாட்டியிருந்தது, அவர் மறுத்திருந்தார். இரண்டு வேலைகளும் அவருடைய சுயவிவரத்தில் இல்லை. உயர் பதவிகளுக்கு ஆள் தேடித் தந்து லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் அவரை ஸ்காட்டுக்கும் சன்பீமுக்கும் பரிந்துரைத்தபோது அந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை. நைட்டெக் வழக்கு நீதிமன்ற ஆவணமாகவே கிடந்தது. யாரும் போய்த் தேடவில்லை, ஏனென்றால் யாரும் தேட விரும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். பங்கு 50 சதவீதம் ஏறப்போகிற நேரத்தில் பழைய ஃபைலைத் தூசி தட்டச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையாளர் ஹேரின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஃப்ளோரிடாவில் டன்லப்பின் வீட்டுக்கே போனார். பட்டியலில் இருந்த ஒவ்வொரு அம்சத்தையும் டன்லப் தயங்காமல் தலைமைப் பண்பாக மாற்றிச் சொன்னார். தன்னை மிகப் பெரிதாக நினைப்பதா, அது தன்னம்பிக்கை. ஆட்களை வளைப்பதா, அதற்குப் பெயர்தான் தலைமை. உணர்ச்சி ஆழமில்லாததா, தேவையில்லாத உணர்ச்சிகளில் சிக்காமல் இருக்கலாமே. அவர் நடித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. இதே மாற்றத்தை இயக்குநர் குழுக்களும் பத்திரிகைகளும் அவருக்காக அதற்கு முன்பே செய்து கொடுத்திருந்தன.

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். தலைவராகத் தெரிவதும் நல்ல தலைவராக இருப்பதும் தனித்தனியாக அளக்கப்பட வேண்டியவை. 2015ல் எமிலி கிரிஹால்வாவும் உடனிருந்தவர்களும் நார்சிசம் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நார்சிசம் கூடினால் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. அதற்கும் பெரும்பகுதிக் காரணம் அவர்கள் கலகலப்பாகப் பழகுவது. தலைமையின் தரத்தோடு பார்த்தால் நேரான தொடர்பே இல்லை. மிகக் குறைவாக இருந்தாலும் சரியில்லை, மிக அதிகமாக இருந்தாலும் சரியில்லை, நடுவில் இருப்பவர்கள் தேவலை. 2019ல் சைக்கோபதிக்கும் இதே மாதிரி ஒரு தொகுப்பு வந்தது. பதவி கிடைப்பதற்கு லேசான சாதகம், நன்றாகத் தலைமை தாங்குவதற்கு லேசான பாதகம். இரண்டுமே சின்ன அளவுதான். "சைக்கோபாத்துகள்தான் உலகை ஆள்கிறார்கள்" என்று தலைப்புப் போட இந்த எண்கள் இடம் தராது. அந்த 2019 ஆய்வில் எனக்கு எரிச்சல் தந்த ஒரு முடிவும் இருந்தது: இந்தக் குணம் ஆணுக்கு இருந்தால் உயர்வுக்கு உதவுகிறது, அதே குணம் பெண்ணுக்கு இருந்தால் அவரை மட்டம் தட்டுகிறார்கள். ஆண் கத்தினால் "கறார்", பெண் கத்தினால் வேறு பெயர். நம் அலுவலகங்களில் இதற்கு ஆய்வு வேறு வேண்டுமா?

2010ல் பால் பாபியாக், ஹேர் உள்ளிட்டோர் கம்பெனிகளில் வேலை செய்யும் 203 பேரை அந்த 20 அம்சப் பட்டியலால் மதிப்பிட்டார்கள். மேலாண்மைப் பயிற்சிக்காக அந்தந்தக் கம்பெனிகளே தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் இவர்கள். கிட்டத்தட்ட 4 சதவீதம் பேர் 30ஐத் தொட்டார்கள். பொதுமக்களில் இது சுமார் 1 சதவீதம் என்பார்கள். இந்த 4 சதவீதத்தைத்தான் எல்லோரும் எடுத்து எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு பக்கம். சைக்கோபதி மதிப்பெண் கூடக் கூட, அந்த ஆளின் பேச்சுத் திறன், வியூகச் சிந்தனை, புதிய யோசனை இவற்றுக்கு மேலிடம் கொடுத்த மதிப்பெண் கூடியது. குழுவோடு வேலை செய்வது, ஆட்களை நிர்வகிப்பது, சொன்ன வேலையை முடிப்பது இவற்றில் மதிப்பெண் குறைந்தது. அந்தக் கம்பெனிகளிடம் இரண்டு தகவலும் இருந்தன. அப்படியும் இவர்களைத்தான் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

நெதர்லாந்தில் பார்பரா நெவிக்கா குழுவினர் 2011ல் வெளியிட்ட சோதனை இதைவிடத் துல்லியம். மூன்று மூன்று பேராகக் குழு. ஒரு பதவிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சில தகவல்கள் மூவருக்கும் பொதுவாகத் தரப்பட்டன, சில ஒருவரிடம் மட்டும் இருந்தன. ஒருவரிடம் மட்டும் இருப்பதை வாய் திறந்து சொன்னால்தான் சரியான ஆளைக் கண்டுபிடிக்க முடியும். நார்சிசம் அதிகமுள்ள தலைவர் இருந்த குழுக்களில் தகவல் பரிமாற்றம் குறைந்தது, முடிவும் மோசமாக வந்தது. ஆனால் அந்தக் குழுவினரிடமே கேட்டால், எங்கள் தலைவர் பிரமாதம் என்றார்கள். கூட இருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கே தெரியவில்லை என்றால், வருடத்துக்கு நாலு தடவை பிரசன்டேஷன் மட்டும் பார்க்கிற இயக்குநர் குழுவுக்கு எப்படித் தெரியும்?

இது அலுவலகத்தில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மனிதவளத் துறையில் இருந்த நாட்களில் நான் பலமுறை பார்த்த காட்சி. ப்ராஜெக்ட் நிலவரத்தை எக்செல் ஷீட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்டுவார்கள். கீழே வேலை செய்கிற பையன் சிவப்பு போடுகிறான். சப்ளையர் கைவிரித்துவிட்டார், தேதிக்குள் முடியாது என்பது அவனுக்குத் தெரியும். டீம் லீடர் அதைப் பார்த்துவிட்டு, "சிவப்போடு உள்ளே போனா சார் என்னைத்தான் குதறுவார், மஞ்சள் போடு, பேசிக்கலாம்" என்கிறார். அவருக்கு மேலே இருப்பவர் மஞ்சளைப் பார்த்து, "இது பச்சை மாதிரிதான்" என்று முடிவு செய்கிறார். தலைவரின் மேஜைக்குப் போகும்போது ஷீட் முழுக்கப் பச்சை. இவர்கள் யாரும் பொய்யர்கள் கிடையாது. போன மாதம் ஒருவர் சிவப்பு காட்டியபோது நாற்பது பேர் முன்னால் அவருக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்கள், அவ்வளவுதான். அந்த ஒரு மாலைக்குப் பிறகு தலைவருக்குக் கெட்ட செய்தி வருவது நின்றுவிட்டது. இடித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் நல்ல செய்திக்கு மட்டும் பஞ்சமே இருக்காது. சன்பீமிலும் விற்பனை இலக்கைத் தொட முடியாது என்று தெரிந்தவர்கள் கீழே நிறையப் பேர் இருந்திருப்பார்கள், இலக்கை எட்டாவிட்டால் வேலை இருக்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, அப்படியானால் இந்தக் குணங்கள் உள்ள ஒருவரும் உருப்படியாக எதையும் செய்ததில்லையா? செய்திருக்கிறார்கள். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

அமெரிக்காவின் 42 அதிபர்களின் குணத்தை, அவர்களைப் பற்றி ஆழமாக ஆராய்ந்த 100க்கும் மேற்பட்ட வரலாற்று நிபுணர்களிடம் கேட்டு மதிப்பிட்ட தரவு ஒன்று உண்டு. ஸ்காட் லிலியன்ஃபெல்ட் 2012லும், ஆஷ்லி வாட்ஸும் அவரும் மற்றவர்களும் 2013லும் அதை வைத்து எழுதினார்கள். சைக்கோபதியைப் பிரித்துப் பார்த்தபோது, அஞ்சாமையும் முன்னே நின்று ஆளும் தன்மையும் உள்ளவர்கள் நெருக்கடியைச் சமாளிப்பதிலும் மக்களை இழுப்பதிலும் நல்ல பெயர் வாங்கியிருந்தார்கள். தியடோர் ரூஸ்வெல்ட் இதில் முதலிடம். அதே சைக்கோபதியின் இன்னொரு பாதியான அவசரமும் விதிமீறலும் உள்ளவர்களுக்கு அந்த நற்பெயர் கிடைக்கவில்லை, கெட்ட பெயர்தான் சேர்ந்தது. அப்படியென்றால் நாம் வியப்பது அந்த அஞ்சாமையை. அது இரக்கமில்லாதவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, தீயணைப்பு வீரர்களிடமும் இருக்கிறது.

தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும் நார்சிசத்தில் எல்லோரையும் மிஞ்சி முதலில் நின்றவர் 1960களில் அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன். நம்ப முடியாவிட்டால் அவர் வீட்டைப் பாருங்கள். அவருடைய முதலெழுத்துகள் எல், பி, ஜே. மனைவி லேடி பேர்ட் ஜான்சன், மகள்கள் லிண்டா பேர்ட், லூசி பெய்ன்ஸ், நாய் லிட்டில் பீகிள் ஜான்சன், எல்லோருக்கும் அதே எழுத்துகள். 1957ல் எடுத்த ஒரு புகைப்பட வரிசையில், ஆறடிக்கு மேல் உயரமான ஜான்சன் வயதான செனட்டர் தியடோர் கிரீன் மேல் அப்படியே சாய்கிறார். மூக்கு மூக்கோடு இடிக்கிற தூரம். கிரீன் பின்னால் வளைந்து வளைந்து, மேஜையில் கையூன்றி நிற்கிறார். இதற்கு வாஷிங்டனில் 'ஜான்சன் வைத்தியம்' என்றே பெயர். முகஸ்துதி, மிரட்டல், கெஞ்சல், பேரம் எல்லாம் ஒரே மூச்சில் வரும்.

அந்த வைத்தியத்தால்தான் இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964ன் குடிசார் உரிமைகள் சட்டம் செனட்டைத் தாண்டியது என்று சொன்னால் மிகை, அதற்கு ஒரு பெரும் மக்கள் போராட்டம் பின்னால் நின்றது. ஆனால் தென் மாநிலத்து எதிர்ப்பை உடைத்து ஓட்டுகளைச் சேர்த்ததில் அவருடைய பங்கை யாரும் குறைத்துச் சொல்வதில்லை. அடுத்த வருடமே வாக்குரிமைச் சட்டம். முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடும் அதே 1965ல்தான். அந்த வருடமே வியட்நாமில் தரைப்படையைக் குவிக்கவும் ஆரம்பித்தார். ஜார்ஜ் பால் என்ற துணை வெளியுறவு அமைச்சர் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார், பலிக்கவில்லை. 1968ல் அங்கே 5 லட்சத்துக்கு மேல் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாராவுக்கே சந்தேகம் வந்தபோது அவரும் வெளியே போக வேண்டியதாயிற்று. மார்ச் 31 அன்று, மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார்.

ஒரே ஆள், ஒரே குணம். செனட்டில் எதிரே இருந்தவர்கள் யாரும் அவருக்குச் சம்பளக்காரர்கள் இல்லை. "முடியாது" என்று சொல்ல அவர்களுக்குத் தனி ஓட்டு இருந்தது, அதனால் அவர் பேரம் பேசித்தான் ஆக வேண்டும். வியட்நாம் விஷயத்தில் மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் அவருக்குக் கீழே, அவர் விரும்பும்வரை மட்டும் பதவியில் இருந்தவர்கள். என் கணிப்பில் வித்தியாசம் இங்கேதான். இருண்ட குணமுள்ள ஒருவரிடமிருந்து நல்ல பலன் வந்திருந்தால், பெரும்பாலும் அவரைத் தடுக்கக்கூடிய ஆட்கள் எதிரே இருந்திருப்பார்கள்.

கம்பெனித் தலைவர்களிடமும் இதே இரட்டை முகம் தெரிகிறது. அரிஜித் சாட்டர்ஜியும் டொனால்டு ஹாம்பிரிக்கும் 2007ல் வெளியிட்ட ஆய்வில் கம்ப்யூட்டர் துறையைச் சேர்ந்த 111 தலைமை அதிகாரிகளைப் பார்த்தார்கள். இவர்கள் எந்தக் கேள்வித்தாளையும் நிரப்ப மாட்டார்கள் அல்லவா? அதனால் வேறு வழி பிடித்தார்கள். ஆண்டறிக்கையில் தலைவரின் போட்டோ எவ்வளவு பெரிசு, பேட்டியில் 'நான்' எத்தனை, 'நாங்கள்' எத்தனை, கம்பெனி பத்திரிகைகளுக்குத் தரும் அறிக்கைகளில் பெயர் எத்தனை தடவை, அவருக்கும் இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கும் சம்பளத்தில் எவ்வளவு தூரம். இப்படி அளந்தபோது, நார்சிசம் கூடிய தலைவர்கள் வியூகத்தை அடிக்கடி மாற்றினார்கள், பெரிய கம்பெனிகளை வாங்கினார்கள். லாபமும் நஷ்டமும் உச்சத்துக்கும் பாதாளத்துக்குமாக ஆடின. சராசரி எடுத்தால் மற்றவர்களைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை. உச்சத்தில் இருந்தவர்களின் கதை பத்திரிகை அட்டைக்குப் போகிறது. பாதாளத்துக்குப் போனவர்களைப் பற்றி யாரும் தொடர் எழுதுவதில்லை. "கடுமையாக இருந்தார், ஜெயித்தார்" என்ற கதைகள் நமக்கு மட்டும் இவ்வளவு கிடைப்பதற்கு இதுவே காரணம்.

மறுபக்கமும் உண்டு. சத்தம் போடாதவர் என்பதால் நல்லவர் என்று நினைத்துவிடக் கூடாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனர் ராமலிங்க ராஜு மென்மையாகப் பேசுபவர் என்று பெயரெடுத்தவர். 2008ல் நல்ல நிர்வாகத்துக்கான விருதுகூட அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது. 2009 ஜனவரி 7 அன்று, வங்கியில் இருப்பதாகக் காட்டியதில் 5,000 கோடி ரூபாய்க்கும் அதிகமான பணம் இல்லவே இல்லை என்று அவரே கடிதம் எழுதினார். புலி மேல் சவாரி செய்வது போல இருந்தது, தின்னப்படாமல் இறங்கத் தெரியவில்லை என்று அதில் ஒரு வரி. அவருக்கு எந்தக் குணம் எவ்வளவு என்று நான் சொல்லப் போவதில்லை, சொல்லவும் முடியாது. இயக்குநர் குழுவும் தணிக்கையும் தூங்கினால் குணம் எதுவானாலும் ஓட்டை பெரிதாகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி, நானும் மாற வேண்டுமா? வேண்டாம், அது நடக்கவும் நடக்காது. அடுத்தவர் வலி உறைக்கிற ஒருவர் உறைக்காதது போல நடித்தால் இரண்டு மாதத்தில் தூக்கம் கெடும். ஆனால் உங்கள் மேலாளரிடம் கடன் வாங்கத் தகுந்தது ஒன்று இருக்கிறது, கூச்சமில்லாமல் முன்னால் நிற்பது. செய்த வேலையில் உங்கள் பெயரைப் போடுங்கள். மீட்டிங் முடிந்த அன்றே, "இன்று முடிவானவை, நான் செய்வதாக ஒப்புக்கொண்டவை" என்று நாலு வரி மெயில், அவருக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும். கோபமாக எழுத வேண்டாம், புகாராகவும் வேண்டாம். உழைப்பு கைமாறுவது பெரும்பாலும் எழுத்தில் இல்லாத இடத்தில்தான். அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு உங்கள் முகம் நேரடியாகத் தெரிகிற வேலை ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தனியாக அவரோடு மோத வேண்டாம், அந்த ஆட்டத்தில் அவருக்குத்தான் பழக்கம் அதிகம்.

ஆள் எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் ஒரு வழி உண்டு. நான் பார்த்த ஒரு தேர்வில், பெரிய பதவிக்கு வந்தவர் விசாரித்துக்கொள்ளச் சொல்லி மூன்று பெயர் கொடுத்திருந்தார். மூவருமே அவருக்கு மேலே இருந்தவர்கள், மூவருமே ஆஹா ஓஹோ. குழுவில் இருந்த வயதான ஒருவர், "இவருக்குக் கீழே வேலை பார்த்த ரெண்டு பேர் நம்பர் வாங்குங்க" என்றார். கேட்டதும் வந்தவரின் முகம் மாறியது. நம்பர் வரவே இல்லை, தேர்வும் அதோடு நின்றது. மேலே பார்க்கிற முகத்தை மட்டும் பார்த்து ஆளை எடுக்கிறோம். கீழே காட்டுகிற முகத்தைப் பார்த்தவர்களிடம் ஒரு போன்கூடப் போடுவதில்லை.

இதே வழி உங்களுக்கும் உதவும். வேலை மாறுவதாக இருந்தால், சம்பளம் பேசி முடித்துக் கையெழுத்துப் போடும் முன், உங்களுக்கு மேலாளராக வரப் போகிறவரின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அவருடைய டீமிலிருந்து கடந்த இரண்டு வருடத்தில் விலகியவர்கள் யார் என்று லிங்க்டினில் தேடினால் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடுவார்கள். இருவரிடம் பேசுங்கள். "எப்படிப்பட்டவர்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லவர்தான்" என்று நழுவிவிடுவார்கள். "கடைசியாக ஒரு கெட்ட செய்தியை அவரிடம் யார் சொன்னார்கள், அதற்கப்புறம் என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.